மாடல் விமானத்தின் மூக்கில் மோட்டார் வைப்பது எப்படி

அலமாரியில் நிற்கும் பிளாஸ்டிக் விமானத்துக்கு மோட்டார் வைத்து ப்ரொப்பெல்லரைச் சுற்ற விட ஆசையா? அப்படியானால் கிட் பெட்டியைத் திறந்த கையோடு உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிடாதீர்கள். கட்டி, பெயின்ட் அடித்து, டிகால் என்ற எழுத்து, சின்ன ஸ்டிக்கர்களை ஒட்டி முடித்த மாடலிலும் மோட்டாரை நுழைக்கலாம்தான், ஆனால் மூக்கை அறுத்துத்தான் ஆக வேண்டும், அறுத்த தடம் தெரியாமல் மறுபடி புட்டி போட்டுத் தேய்த்து அதே நிறத்தைக் கலந்து பூச வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் செய்தால் இது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

நான் இங்கே சொல்வதெல்லாம் 1/48 அளவு (உண்மையானதில் 48-ல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மார்க் 1 என்ற இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர் விமானத்தை வைத்து. இறக்கை நுனிக்கு நுனி சுமார் 23 சென்டிமீட்டர் வரும், மூக்கு ஒல்லி, அதனால் இதில் செய்யத் தெரிந்தால் மற்றதில் சுலபமாகச் செய்யலாம். என் மாடலின் பக்கவாட்டில் இருப்பது ஏ.இசட். என்ற எழுத்துகள், அதாவது பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் படையணி. சென்னை மாகாணத்தில் திரட்டிக் கொடுத்த போர் நிதிக்காக 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர் பெற்ற படையணிகளில் அதுவும் ஒன்று. 1940-ல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயரில்தான் பறந்தது. நம் ஊர்ப் பெயரைச் சுமந்த படையணியின் விமானம் அசையாமல் நிற்பதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வேலையில் நான் இறங்கியதே அதற்காகத்தான்.

மோட்டார் வாங்கக் கிளம்பும் முன் வேகத்தை முடிவு பண்ணுங்கள். பெரும்பாலும் எல்லோரும் தவறுவது இங்கேதான். உண்மையான ஸ்பிட்ஃபயரில் இருக்கும் மெர்லின் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை போகும், ஆனால் நடுவில் இருக்கும் கியர் அதை 0.477 மடங்காகக் குறைத்துத்தான் ப்ரொப்பெல்லருக்குக் கொடுக்கும், ஆக முழு வேகத்திலேயே ப்ரொப்பெல்லர் சுமார் 1,430 சுற்றுதான். தரையில் நின்றபடி மெதுவாக ஓடும்போது 300, 400 என்ற கணக்கில் இருக்கும். நமக்கு வேண்டியது அந்த வேகம்தான். 400 சுற்றில் மூன்று பிளேடும் லேசாகக் கலங்கித் தெரியும், நுனியில் இருக்கும் மஞ்சள் பட்டை ஒரு வளையமாக மினுங்கும், இன்ஜின் இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று பார்ப்பவர் நம்புவார். 2,000, 3,000 என்று போனால் பிளேடே கண்ணில் படாது, ப்ரொப்பெல்லர் இல்லாத விமானம் மாதிரி இருக்கும், இவ்வளவு பாடுபட்டதற்கு அர்த்தமே இல்லை.

வேகம் கூடினால் ஆபத்தும் உண்டு. குட்டி ட்ரோன்களில் வரும் 7 மி.மீ. கோர்லெஸ் மோட்டார் (சுழலும் காயிலுக்குள் இரும்புக் கரு இல்லாதது) 3.7 வோல்ட்டில் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 40,000 சுற்றைத் தாண்டும். கிட்டில் வரும் ப்ரொப்பெல்லரின் குறுக்களவு சுமார் 68 மி.மீ., அதை வெறும் 20,000 சுற்றில் சுற்றினாலே நுனியின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த பிளேடு நடுவில் இருக்கும் ஹப்பில் ஒரு துளி பசையில் ஒட்டி நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். பிய்த்துக்கொண்டு வந்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். சோதனை ஓட்டம் எதுவானாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு, பிளேடு சுழலும் தளத்துக்கு நேராக முகத்தை வைக்காமல் செய்யுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களைத் தள்ளி உட்கார வையுங்கள்.

சரி, எந்த மோட்டார்? இரண்டே வழி. ஒன்று இப்போது சொன்ன கோர்லெஸ் மோட்டார், 6 அல்லது 7 மி.மீ. உருளை, ஷாஃப்ட் 0.8 மி.மீ. இதை முக்கால் வோல்ட், ஒரு வோல்ட் என்று குறைத்துக் கொடுத்தால் மெதுவாகச் சுற்றும். சத்தம் அனேகமாக இருக்காது, ஊதினால்கூட ப்ரொப்பெல்லர் திரும்பும். ஆனால் அந்தக் குறைந்த வோல்ட்டில் இழுவை கிடையாது, எங்கேயாவது ஒரு மயிரிழை உரசினாலும் நின்றுவிடும். 1/72 அளவு மாடலுக்கு வேறு எதுவும் நுழையாது, அங்கே இதுதான். இன்னொன்று என்20 என்று கேட்டால் கிடைக்கும் குட்டி கியர் மோட்டார், சென்னை ரிச்சி தெரு மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் இடங்களில் எளிதாகக் கிடைக்கும், ரோபோ பொம்மை செய்கிற பிள்ளைகள் வாங்குவது. அகலம் 12, உயரம் 10, நீளம் சுமார் 25 மி.மீ., எடை 10 கிராம் அளவு, 3 மி.மீ. ஷாஃப்ட்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். 6 வோல்ட்டில் 1,000 சுற்று என்று எழுதியதை வாங்கி 2 வோல்ட் கொடுத்தால் 300-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதுவும் தயங்காமல். 1/48-க்கும் அதற்கு மேலும் என் ஓட்டு இதற்குத்தான். கிர்ர் என்று கொஞ்சம் சத்தம் வரும், வெற்று பிளாஸ்டிக் உடல் வீணைக் குடம் மாதிரி அதைப் பெருக்கும், அதை எப்படி அடக்குவது என்று பின்னால் சொல்கிறேன்.

சிக்கல் என்னவென்றால் ஸ்பிட்ஃபயரின் மூக்கு நுனியில் என்20 நுழையாது. அதன் மூலைவிட்டமே கிட்டத்தட்ட 16 மி.மீ., ஸ்பின்னருக்கு, அதாவது ப்ரொப்பெல்லர் நடுவில் இருக்கும் கூம்பு மூடிக்கு, பின்னால் உள்ளே அவ்வளவு இடம் இல்லை. அதனால் மோட்டாரை இரண்டு சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, உடல் சற்று ஆழமாகும் இடத்தில் படுக்க வைத்து, அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பியை முன்னால் கொண்டுவர வேண்டும். வெர்னியர் காலிப்பரால் உங்கள் கிட்டின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், ஒவ்வொரு கம்பெனியின் வார்ப்பும் தடிமனில் மாறும், தேவைப்பட்டால் உள்சுவரை அரை மில்லிமீட்டர் சுரண்டலாம்.

இந்தக் கம்பி ஓடும் குழாய்தான் முழு வேலைக்கும் உயிர். மருந்துக்கடையில் 18 கேஜ் ஊசி கேளுங்கள், பிடி ரோஸ் நிறத்தில் இருக்கும். அதன் உள்விட்டம் 0.84 மி.மீ., ஆக 0.8 மி.மீ. ஸ்டீல் கம்பி உள்ளே எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு சுழலும், ஆட்டமும் இருக்காது. புது ஊசியாக வாங்குங்கள், பயன்படுத்தியது வேண்டவே வேண்டாம். கத்தரியால் நறுக்கினால் குழாய் நசுங்கிவிடும், மினி டிரில்லில் வெட்டும் தட்டை மாட்டி 15 மி.மீ. துண்டாக வெட்டி, இரண்டு வாயையும் நுண்ணிய அரத்தால் தேய்த்து, உள்ளே இருக்கும் பிசிறை ஒரு தையல் ஊசியால் சுற்றி எடுத்துவிடுங்கள். கம்பியைப் போட்டு விரலால் உருட்டிப் பாருங்கள். எங்கேயும் சொரசொரப்பு தட்டக் கூடாது.

அடுத்து 1.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் மூக்கின் உள்வடிவத்துக்கு இரண்டு தடுப்புகள் வெட்டுங்கள், ஒன்று ஸ்பின்னருக்கு உடனே பின்னால், இன்னொன்று 12 மி.மீ. பின்னே. இரண்டின் நடுவிலும் குழாய் நுழையும் துளை. முன் தடுப்பை இடது பாதியில் ஒட்டிவிட்டு, பின் தடுப்பை ஒட்டாமல் சும்மா நிறுத்துங்கள், குழாயை இரண்டிலும் நுழையுங்கள். இப்போது குழாய்க்குள் நறுக்கின கம்பியைப் போடாமல் 10 சென்டிமீட்டர் நீளக் கம்பியைப் போட்டு மூக்குக்கு வெளியே நீட்ட விடுங்கள். உள்ளே கண்ணுக்கே தெரியாத கோணல் வெளியே நீட்டிய முனையில் ஒரு மில்லிமீட்டராகப் பெரிதாகிக் காட்டிக்கொடுக்கும். மேலிருந்து பாருங்கள், கம்பி உடலின் ஒட்டுக் கோட்டோடு ஒரே நேரில் இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பாருங்கள், ஸ்பின்னரின் நடுப்புள்ளியில் இருந்து வெளியே வர வேண்டும், மேலும் கீழும் சாயக் கூடாது. வலது பாதியைப் பசையில்லாமல் மூடி மாஸ்கிங் டேப் போட்டு மறுபடி பாருங்கள். எல்லாம் சரியென்று பட்ட பிறகுதான் பின் தடுப்பை ஒட்ட வேண்டும், ஒட்டும்போதும் கம்பி நீட்டிக்கொண்டுதான் இருக்கட்டும். நான் இந்த ஒரு படிக்கு ஒரு முழு மாலையைக் கொடுப்பேன். கோணலாக உட்கார்ந்த ப்ரொப்பெல்லர் நிற்கும்போது யாருக்கும் தெரியாது, சுழல ஆரம்பித்ததும் பஞ்சர் ஒட்டாத சைக்கிள் சக்கரம் மாதிரி வட்டமடிக்கும்.

குழாயைத் தடுப்பில் பிடித்து நிறுத்த ஐந்து நிமிட எபாக்ஸி போதும். சூப்பர் க்ளூவை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். என் முதல் முயற்சியில் கோர்லெஸ் மோட்டாரை மூக்கில் வைத்து ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டேன், அது மெல்லிய இடுக்கு வழியாக ஊர்ந்து போய் ஷாஃப்ட்டின் புஷ்ஷில் இறங்கி, அரை நிமிடத்தில் மோட்டார் கல்லாகிவிட்டது. உடலை ஏற்கெனவே மூடியிருந்தேன், மறுபடி பிளக்கும்போது காக்பிட் ஓரம் விரிசல் விட்டது. அதோடு அந்தப் பசையின் ஆவி கண்ணாடி மூடியில் வெள்ளைப் பூசணம் போலப் படிந்து அதையும் கெடுத்தது. எபாக்ஸி போடும்போதும் கம்பியில் துளி வாஸ்லைன் தடவிவிட்டால், தவறிப் பட்ட பசைகூட கம்பியைப் பிடிக்காது.

மோட்டாரையும் கம்பியையும் இணைக்கும் இடத்தில் இறுக்கமான இணைப்பு வேண்டாம், கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். கம்பியின் பின்முனையை உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, சூடு பட்டால் சுருங்கும் மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருக்கி 3 மி.மீ. தடிமன் வரும்வரை ஏற்றுங்கள். பிறகு அந்த முனையையும் மோட்டார் ஷாஃப்ட்டையும் சேர்த்து ஒரே பெரிய ஹீட் ஷ்ரிங்க்கால் மூடிச் சூடு காட்டினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும், இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அச்சில் இருக்கும் சின்ன விலகலை இது விழுங்கிவிடும். அப்புறம் யாராவது ஓடும் ப்ரொப்பெல்லரை விரலால் பிடித்தால் உள்ளே வழுக்கிக்கொண்டு போகும், கியர் பல் உடையாது. விருந்தாளிகள் கட்டாயம் பிடித்துப் பார்ப்பார்கள்.

இந்த மோட்டார் என்றாவது ஒருநாள் சாகும். உள்ளே இருக்கும் பிரஷ் தேயும், அதை யாரும் தடுக்க முடியாது. அதனால் வெளியே எடுக்க வழி இல்லாமல் மோட்டாரை உள்ளே புதைப்பது, என்னைக் கேட்டால், மாடலுக்குச் செய்கிற துரோகம். பிளாஸ்டிக் ஷீட்டில் மூன்று பக்கச் சுவர் உள்ள ஒரு தொட்டி செய்து இடது பாதியின் உள்ளே ஒட்டுங்கள், மோட்டாரைச் சுற்றி ஒரு சுற்று ஃபோம் டேப் ஒட்டி அதில் அமுக்கி உட்கார வையுங்கள். இந்த ஃபோம்தான் முன்னே சொன்ன கிர்ர் சத்தத்தைப் பாதியாகக் குறைப்பது. இன்ஜினின் கீழ்மூடியைப் பேனல் கோட்டோடு மெல்லிய ரம்பத்தால் அறுத்துத் தனியாக்கி, 3 மி.மீ. குறுக்களவுள்ள குட்டிக் காந்தம் நாலு வைத்து மூடுங்கள், கோட்டோடு கோடு போவதால் திறப்பு இருப்பதே தெரியாது. உடலை ஒட்டும் முன் மோட்டாரை இப்படி உட்கார வைத்து அரை மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். வெளிவர வேண்டிய குறை எல்லாம் அப்போதே வரட்டும்.

1/72-ல் கோர்லெஸ் மோட்டார் வைப்பவர்களுக்கு இந்தக் கம்பி, குழாய் எதுவும் வேண்டாம். மோட்டார் மேல் ஒரு சுற்று செலோ டேப் சுற்றி, அதன் மேல் காகிதப் பட்டையை ஃபெவிகால் தடவித் தடவி நாலைந்து சுற்று சுற்றிக் காய விடுங்கள், காய்ந்ததும் மோட்டாரை உருவினால் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஓர் உறை கிடைக்கும். அந்த உறையை மூக்கில் எபாக்ஸியால் நேராக ஒட்டிவிட்டால், மோட்டாரை முன்வழியாகவே சொருகலாம், உருவலாம். ப்ரொப்பெல்லர் நேராக 0.8 மி.மீ. ஷாஃப்ட்டிலேயே ஏறும்.

ப்ரொப்பெல்லருக்கு வருவோம். ஸ்பின்னரின் பின்தட்டில் நடுப்புள்ளியை ஊசியால் குத்தி அடையாளம் வைத்து, பின் வைஸ் என்ற குட்டிக் கைத்துளைப்பானில் 0.5 மி.மீ. பிட் மாட்டிக் கையாலேயே மெதுவாகத் துளையிட்டு, பிறகு 0.8-ஆக்குங்கள், ஒரேயடியாகப் பெரிய பிட்டைப் போட்டால் வழுக்கி ஓடும். கம்பியை ஏற்றி, ஒரு பிளேடு நுனிக்கு எதிரே மேசையில் குண்டூசி ஒன்றை நிறுத்தி, மற்ற இரண்டு நுனியையும் அதன் பக்கம் திருப்பிப் பாருங்கள், மூன்றும் குண்டூசியில் இருந்து ஒரே தூரத்தில் போக வேண்டும். அப்புறம் சமநிலை. இரண்டு ஷேவிங் பிளேடை இணையாக நிறுத்தி கம்பியை அவற்றின் மேல் கிடத்தினால் ப்ரொப்பெல்லரின் கனமான பிளேடு தானாகக் கீழே வரும். அதன் பின்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள், எந்தப் பக்கம் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை. பெயின்ட் அடித்த பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும், நுனியின் மஞ்சள் பூச்சு ஒன்றில் தடித்துப்போனாலே போதும், சமநிலை கெடும்.

சுழலும் திசை மாறினால் தெரிந்தவர் ஒருவர் போதும், உடனே சொல்லிவிடுவார். மெர்லின் வைத்த ஸ்பிட்ஃபயரில் விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் கடிகார முள் போல வலமாகச் சுற்றும், அதாவது முன்னால் நின்று பார்க்கும் நமக்கு இடமாக. பின்னால் வந்த கிரிஃபன் இன்ஜின் ஸ்பிட்ஃபயர்களில் இது தலைகீழ். மோட்டாரின் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும், அதனால் சால்டர் பண்ணி மூடும் முன் பார்த்துவிடுங்கள். இரண்டு இன்ஜின் உள்ள பி-38 லைட்னிங் செய்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், அதில் இரண்டும் எதிரெதிராகச் சுற்றும். லங்காஸ்டர் மாதிரி நாலு இன்ஜின் என்றால் மோட்டார்களைப் பக்க இணைப்பில்தான் கொடுக்க வேண்டும், வரிசையாகத் தொடுத்தால் ஒன்று ஓடும், ஒன்று முக்கும்.

கரண்ட்டுக்கு மாடலுக்குள் பேட்டரி வைக்க ஆசைப்படாதீர்கள். வாட்ச் பேட்டரி மோட்டாரைத் தாங்காது, பெரிய பேட்டரிக்கு இடம் இல்லை. கீழே ஒரு மரப்பெட்டி, அதற்குள் இரண்டு டபுள் ஏ பேட்டரி, ஓரத்தில் ஸ்விட்ச். அங்கிருந்து ஒயர் சக்கரக் கால் வழியாக ஏறட்டும். 0.25 மி.மீ. எனாமல் பூசிய காப்பர் கம்பி, அதாவது மோட்டார் காயில் கட்டும் கம்பி, காலின் பின்பக்கமாக ஒட்டி மங்கிய கறுப்பு அடித்தால் பிரேக் குழாய் என்றே நினைப்பார்கள். ஒரு காலில் பிளஸ், மறுகாலில் மைனஸ். முனைகளில் எனாமலை பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் சால்டர் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஈயம் ஒட்டியது போலத் தெரியும், கரண்ட் போகாது. என்20-இன் பின்மூடி பிளாஸ்டிக், சால்டரிங் அயர்னை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். மோட்டாரின் இரண்டு காலுக்கும் நடுவே 104 என்று அச்சிட்ட சின்ன செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்துவிட்டால் ரேடியோவில் கரகரப்பு வராது.

வேகத்தைக் குறைக்க ரெசிஸ்டர் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். மோட்டார் கிளம்பும் கணத்தில்தான் அதிகக் கரண்ட் இழுக்கும், அந்த நேரம் பார்த்து ரெசிஸ்டர் அதிக வோல்ட்டைச் சாப்பிட்டுவிடும், மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும், நீங்கள் தினமும் விரலால் தட்டிக் கிளப்ப வேண்டும். அதற்குப் பதில் 1என்4007 டயோடை வரிசையில் போடுங்கள், ஒவ்வொன்றும் சுமார் 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், கரண்ட் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாது. 3 வோல்ட்டில் ஒரு டயோட் போட்டால் 2.3, இரண்டு போட்டால் 1.6. எது பார்வைக்குப் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். திருகித் திருகி வேகம் மாற்ற வேண்டும் என்றால் கரண்ட்டை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் பி.டபிள்யூ.எம். போர்டு ஒன்றைப் பெட்டிக்குள் வைக்கலாம், சில போர்டுகளில் மோட்டார் கீச்சென்று பாடும், அது எனக்குப் பிடிக்காது.

ஒன்று சொல்ல மறந்தேன், எடை. மூக்கில் 10 கிராம் ஏறியதும் ஸ்பிட்ஃபயர் மாதிரி வால் தரையில் நிற்கும் விமானம் முன்னால் கவிழப் பார்க்கும், சக்கரம் எடையின் மையத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. வாலுக்குள் மீன்பிடி ஈயக்குண்டு நாலைந்து போடுங்கள், அல்லது சக்கரத்தில் இருந்து கம்பி இறக்கிப் பெட்டியில் பிணைத்துவிடுங்கள். நான் இரண்டையும் செய்தேன். காக்பிட்டில் ஒரு விமானி பொம்மையும் கட்டாயம் வேண்டும், இன்ஜின் ஓடும் விமானத்தில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது.

படம் எடுக்கும்போது ஷட்டரை வேகமாக வைத்தால் பிளேடு உறைந்து நிற்கும், மோட்டார் வைத்ததே தெரியாது. 500 சுற்றில் ஒரு விநாடிக்கு எட்டே கால் சுற்றுக்கு மேல், ஆக 1/60 விநாடி ஷட்டரில் பிளேடு 50 டிகிரி நகர்ந்து விசிறி போலப் பதியும், 1/30-ல் 100 டிகிரி, மூன்று பிளேடும் கிட்டத்தட்ட ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். எனக்கு 1/60தான் அழகு. கேமராவை ஸ்டாண்டில் வைக்காமல் இதை எடுக்க முடியாது.

மாதம் ஒருமுறை ஸ்பின்னரை லேசாக முன்னுக்கு இழுத்து, குழாயின் வாயில் தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வையுங்கள், சொட்டாக விட்டால் பிளேடு வழியே சிதறி மூடியில் கோடு போடும். சத்தம் மாறினால், ஓட்டம் விட்டுவிட்டு வந்தால், கீழ்மூடியைத் திறந்து ஹீட் ஷ்ரிங்க்கை நறுக்கி, இரண்டு ஒயரைக் கழற்றி, புது மோட்டாரைத் தொட்டியில் அமுக்கிவிடலாம். என் ஸ்பிட்ஃபயரில் இப்போது ஓடுவது இரண்டாவது மோட்டார், மாற்ற 20 நிமிடம் ஆனது, பெயின்ட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.